சும்மா இருக்கும் வாயு

ஒரே வாரத்தில் நானூறு விளக்குகள் செத்துப்போயின.

புதுக்குடியின் பயிர்க்கூடத்தில் கேழ்வரகுக்கும் கீரைக்கும் மேலே எரிந்துகொண்டிருந்த எல்.இ.டி. விளக்குகள் அவை. விளக்கில் பழுதில்லை. ஒவ்வொன்றுக்குள்ளும் மின்சாரத்தை அளந்து கொடுக்கும் சின்னச் சில்லு ஒன்று உண்டு, பழுது அதில். எல்லாம் ஒரே தொகுப்பில் செய்து வந்த சில்லுகள், அதனால் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே ஆயுள். கிடங்கில் மாற்றுச் சில்லுகள் பெட்டி பெட்டியாக இருந்தன. அவையும் அதே தொகுப்புதான், மாட்டிய சில நாளிலேயே அவையும் அணைந்தன.

செவ்வாய் மண்ணுக்கடியில் அறுபத்தொரு பேர் வாழ்ந்த குடியிருப்பு அது. பூமியிலிருந்து அடுத்த கப்பல் வந்து சேர இன்னும் பத்தொன்பது மாதம் இருந்தது. குடியிருப்பின் தலைவி கோமளவல்லி இரண்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டு யோசித்தாள். மிச்சமிருக்கும் விளக்குகளை வைத்து முப்பத்தேழு பேருக்குத்தான் சாப்பாடு விளையும். மற்ற இருபத்துநாலு பேரை வடக்கே உள்ள வேற்று நாட்டுக் குடியிருப்புக்கு அனுப்ப வேண்டும். வண்டியில் நாற்பது நாள் பயணம். அத்தனை தூரம் வண்டியில் போய்ச் சேர்ந்த ஆள் இதுவரை ஒருவரும் இல்லை.

சீட்டுக் குலுக்கிப் பட்டியல் எழுதினாள். எழுதியதை வெளியே ஒட்ட மனம் வரவில்லை. மடித்து மேசைக்குள் வைத்தாள்.

மறுநாள் காலை கண்ணாடிப் பட்டறை இத்ரீஸ் அவள் அறைக்கு வந்தான். கையில் துணி சுற்றிய ஏதோ ஒன்று. "ஆக்னஸ் அக்காவையும் கூப்பிடுங்க மேடம். அவங்க இல்லாம இதைப் பேசிப் பிரயோஜனமில்லை" என்றான்.

ஆக்னஸ் தூத்துக்குடிக்காரி. வயது நாற்பத்தெட்டு. செவ்வாயின் காற்றை உறிஞ்சி, மூச்சுக்கு வேண்டிய ஆக்சிஜனைப் பிரித்தெடுக்கும் வாயுக்கூடம் அவள் பொறுப்பு. மூன்று வருடமாக வேலை விஷயம் தவிர கோமளவல்லியிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. வந்தாள். நாற்காலி இருந்தும் உட்காராமல் கதவோரம் நின்றாள்.

இத்ரீஸ் துணியைப் பிரித்தான். ஆரஞ்சுப்பழம் அளவில் ஒரு கண்ணாடிக் குமிழ். உள்பக்கம் முழுக்கக் கறுப்பு படிந்திருந்தது.

"என்ன இது?"

"குண்டு பல்பு மேடம். எல்.இ.டி. வர்றதுக்கு முன்னாடி ஊர் உலகமெல்லாம் இதுதான் எரிஞ்சிருக்கு. உலைக்கு உபரியா வந்த டங்ஸ்டன் கம்பி நம்மகிட்ட சுருள் சுருளாக் கெடக்கு. கண்ணாடி நான் ஊதினது. சில்லு கில்லு எதுவும் வேணாம். கம்பியில கரண்ட் விட்டா சூடாகி எரியும், அவ்வளவுதான்."

"கரண்டைத் தின்னுமே இத்ரீஸ். பத்துல ஒரு பங்குகூட வெளிச்சமா வராது. மிச்சமெல்லாம் சூடு."

"சூடும் நமக்கு வேணும்தானே? வெளிய மைனஸ் அறுபது. பயிர்க்கூடத்து ஹீட்டருக்கு எரிக்கிற கரண்டை இதுக்குக் குடுப்போம். சூடும் கெடைக்கும், வெளிச்சமும் கெடைக்கும்."

கோமளவல்லி நிமிர்ந்து உட்கார்ந்தாள். குமிழை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "அப்புறம் ஏன் இப்படிக் கறுத்துப் போச்சு?"

"அங்கதான் மாட்டிக்கிட்டேன். உள்ள சாதாக் காத்து இருந்தா கம்பி எரிஞ்சு சாம்பலாயிடும். அதனால காத்தை ஒட்ட உறிஞ்சிட்டேன். எரிஞ்சுது. ஆனா அவ்வளவு சூட்டுல கம்பி தானே கொஞ்சம் கொஞ்சமா ஆவியாகுது. வழி மறிக்க உள்ள எதுவும் இல்ல. நேராப் போய்க் கண்ணாடியில ஒட்டிக்குது. கண்ணாடி கறுக்குது, கம்பி இளைக்குது. அறுபது மணி நேரத்துல அறுந்துபோச்சு."

"வழி மறிக்க என்ன வேணும்?"

இத்ரீஸ் ஆக்னஸைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"எதுகூடவும் சேராத வாயு வேணும். கம்பியைத் தொடும், ஒண்ணும் பண்ணாது. தானும் எரியாது, எரிக்கவும் செய்யாது. சும்மா நிக்கும். கம்பியில இருந்து கிளம்புற அணு வெளிய போக முடியாம இந்தக் கூட்டத்துல இடிச்சு இடிச்சுத் திரும்பக் கம்பிக்கே வந்துடும். ஆர்கான்."

"நைட்ரஜன் ஆகாதா?"

"போன வருஷமே விளையாட்டா ஒண்ணு போட்டுப் பார்த்தேன் மேடம்" என்றான் இத்ரீஸ். "அது லேசு. சூட்டை வேகமா வாரிக்கிட்டுப் போயிடுது. எழுநூறு மணி நேரம் தாங்குது. நம்மகிட்ட இருக்கிற கம்பிக்குப் பத்தொன்பது மாசம் ஓட்ட அது பத்தாது. ஆர்கான் கனமானது. ரெண்டு மடங்கு நிக்கும்."

"ஆர்கானுக்கு எங்கே போறது?"

"எங்கேயும் போக வேண்டாம்" என்றாள் ஆக்னஸ். "செவ்வாய்க் காத்துல நூத்துக்கு ரெண்டு பங்கு அதுதான். ஆக்சிஜனைப் பிரிச்சபிறகு மிஞ்சுறதை நாள் தவறாம நான்தான் வெளிய ஊதித் தள்ளுதேன். ஆனா உள்ள விடமாட்டேன்."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மூன்று வருடத்துக்கு முன் ஆர்கான் உள்ளேதான் இருந்தது. வெல்டிங் வேலைக்காகத் தொட்டியில் பிடித்து வைத்திருந்தார்கள். தொட்டியின் வால்வு கசிந்தது. அந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை, தொண்டையில் ஒரு கரகரப்புகூட இல்லை. காற்றைவிடக் கனம் என்பதால் தண்ணீர் மாதிரி வழிந்து போய், பம்ப் இருந்த பள்ளத்தில் தேங்கிக் கிடந்தது. அபாயமணி கூரையில் இருந்தது. கூரைக் காற்று நன்றாகவே இருந்தது. பம்பைப் பார்க்கப் பள்ளத்தில் இறங்கிய சவேரி கடைசிப் படியில் உட்கார்ந்தான். அசதியில் சாய்கிறவன் மாதிரி சுவரில் சாய்ந்தான். சவேரி ஆக்னஸின் கணவன்.

ஆக்னஸ் மேலே நின்று அதைப் பார்த்தாள். இறங்க ஓடியவளை இடுப்போடு கட்டிப் பிடித்தவள் கோமளவல்லி. மூச்சுக் கவசம் வந்துசேர நாலு நிமிடம் ஆயிற்று. ஆக்னஸ் கடித்தாள், கீறினாள். நாலு நிமிடமும் கோமளவல்லி பிடியைத் தளர்த்தவில்லை.

ஆர்கான் இனிக் குடியிருப்புக்குள் வரக்கூடாது என்று ஆக்னஸ் அன்று எழுதிக்கொடுத்த விதியை எல்லோரும் ஒரு மனதாக ஏற்றுக்கொண்டார்கள்.

மத்தியானம் கோமளவல்லி வாயுக்கூடத்துக்குப் போனாள். மேசைக்குள் இருந்த பட்டியலை எடுத்துக்கொண்டு போனாள்.

"படிங்க."

ஆக்னஸ் படித்தாள். மூன்றாவது பெயர் செண்பகம். ஆறு மாதக் கர்ப்பிணி. பத்தொன்பதாவது இத்ரீஸ்.

"என் பேரு இல்லியே."

"வாயுக்கூடத்துக்கு வேற ஆள் கிடையாது. உங்க பேரைச் சீட்டுலயே போடல."

"உங்க பேரு?"

"ஏழாவது."

ஆக்னஸ் மறுபடி பார்த்தாள். ஏழாவது அதுதான். காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

"அன்னைக்கு நீங்க என்னைப் பிடிக்காம இருந்திருந்தா?"

"ரெண்டு பேரைப் புதைச்சிருப்போம்."

"அது எனக்கும் தெரியும். தெரிஞ்சும் மனசு ஆறமாட்டேங்கு."

"நான் உங்களை வற்புறுத்த வரல ஆக்னஸ். பட்டியலை ஒட்டுறதுக்கு முன்னாடி நீங்க பார்க்கணும்னு தோணுச்சு." கோமளவல்லி திரும்பி நடந்தாள்.

"மேடம்." ஆக்னஸின் குரல். "நாளைக்கு வரைக்கும் ஒட்டாதீங்க."

மறுநாள் ஆக்னஸ் ஒரு வரைபடத்தோடு வந்தாள். இந்த முறை உட்கார்ந்தாள்.

"பட்டறைக்குப் பின்னால காலி அறை இருக்குல்ல, அதுலதான் வாயு நிரப்பணும். தரையைப் பூரா பேர்த்துட்டு இரும்புக் கம்பி வலை போடணும். வலைக்குக் கீழ சரிவாக் குழாய். சிந்துறது எல்லாம் தானா வழிஞ்சு குழாய்க்குள்ள இறங்கும், பம்ப் அதை வெளிய தள்ளிடும். அபாயமணி கூரையில வேண்டாம். கணுக்கால் உயரத்துல வேணும், நாலு மூலையிலயும். உள்ள ஒரு ஆள் இருந்தா வாசல்ல இன்னொரு ஆள் இருக்கணும், கவசத்தோட. இதுல ஒண்ணு குறைஞ்சாலும் குழாயை மூடிருவேன்."

"எத்தனை நாள்ல முடியும்?" என்று கேட்டாள் கோமளவல்லி.

"ஆறு நாள்."

ஐந்து நாளில் முடித்தார்கள். பட்டியலில் தன் பெயர் இருக்கிறதோ இல்லையோ தெரியாமலே எல்லோரும் தரையைப் பேர்க்க வந்தார்கள்.

ஆர்கான் நிரப்பிய முதல் குண்டு பல்பைச் சாப்பாட்டுக்கூடத்தில் மாட்டினான் இத்ரீஸ். நூறு மணி நேரம் எரிந்தது. கண்ணாடி தெளிவாக இருந்தது. ஐந்நூறு தாண்டியது. சாப்பிட வருகிறவர்கள் தட்டை எடுப்பதற்கு முன் அதை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் போனார்கள். அதற்குள் பட்டறை நாளுக்கு முப்பது விளக்கு செய்ய ஆரம்பித்திருந்தது. ஆயிரமாவது மணி நேரத்தில் கோமளவல்லி பட்டியலைக் கிழித்தாள். ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சத்தில்தான் அந்த முதல் விளக்கு அறுந்தது.

அதற்குச் சில நாள் முன்னால் ஒரு காரியம் நடந்தது.

தரைக்கடியில் இருந்த பம்பின் வடிகட்டியைச் செம்மண் தூசி அடைத்துக்கொண்டது. அதே நேரம் நிரப்பும் குழாயின் பிடி நழுவி ஆர்கான் கொட்டியது. இத்ரீஸ் குழாயை மூடியிருக்கலாம். ஆனால் கீழே இருந்த விளக்குத் தட்டில் குழாய் விழப்போகிறது என்று குனிந்து தட்டை எடுக்கப் போனான். குனிந்தவன் எழவில்லை. கணுக்கால் உயரத்து மணிகள் நான்கும் அலறின.

வாசலில் ஆக்னஸ் நின்றிருந்தாள். அவள் கால் முன்னே போய்விட்டது. ஒரு எட்டு வைத்தபிறகு நின்றாள். கழுத்தில் தொங்கிய கவசத்தை எடுத்து முகத்தில் வைத்தாள். வாரை இழுத்தாள். காற்று வருகிறதா என்று ஒரு முறை இழுத்துப் பார்த்தாள். எதிரே பத்தடியில் அவன் வாயைத் திறந்தபடி கிடந்தான். இன்னொரு முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனாள். சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து வெளியே போட்டு, அவன் முகத்தில் ஆக்சிஜனை வைத்தாள்.

இத்ரீஸ் கண் விழித்து, "பல்பு உடைஞ்சிருச்சாக்கா?" என்றான்.

ஆக்னஸ் அவனை ஒரு அறை விட்டாள். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். மூன்று வருடத்தில் அவள் அழுது யாரும் பார்த்ததில்லை.

செய்தி கேட்டு ஓடி வந்த கோமளவல்லி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கவசத்தை மாட்டப் பதினோரு செகண்டு ஆச்சு" என்றாள் ஆக்னஸ். "மேல ஓடுத கடிகாரத்துல பார்த்தேன். பதினோரு செகண்டு என்னால தாங்க முடியல மேடம். நீங்க நாலு நிமிஷம் எப்படி நின்னீங்க?"

"நான் எங்க நின்னேன்? உங்களைப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன். பிடி விட்டிருந்தா நானே விழுந்திருப்பேன்."

கீறல் தழும்பு இன்னும் கோமளவல்லியின் முழங்கையில் இருந்தது. ஆக்னஸ் அதை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

அந்த அறை பத்து நாள் மூடிக் கிடந்தது. தூசி அடைத்தால் ஆர்கான் குழாய் தானாகவே மூடிக்கொள்ளும்படி மாற்றிய பிறகே ஆக்னஸ் அதைத் திறக்க விட்டாள்.

பயிர்க்கூடத்தில் மஞ்சள் வெளிச்சம் ஏறியது. பழைய ஊதா வெளிச்சத்தில் எல்லோர் முகமும் நோயாளி முகம் மாதிரி இருக்கும். இப்போது சும்மாவேனும் அங்கே வந்து நிற்கிறவர்கள் பெருகினார்கள். கேழ்வரகு கொஞ்சம் ஒல்லியாக, உயரமாக வளர்ந்தது; ஆனாலும் கதிர் வைத்தது. செண்பகத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. அறுபத்திரண்டு பேரும் அரை வயிறாக இருந்த நாள்கள் உண்டு, பட்டினி கிடந்த நாள் இல்லை.

பதிமூன்றாம் மாதம் பூமியிலிருந்து செய்தி வந்தது. கோமளவல்லி அதைச் சாப்பாட்டுக்கூடத்தில் எழுந்து நின்று படித்தாள். வரும் கப்பலில் சில்லுகள் இல்லை. அறுபத்தொரு காலி இருக்கைகள் இருக்கின்றன. கையால் செய்த விளக்குகளை நம்பி ஒரு குடியிருப்பை நடத்த முடியாது என்று நிபுணர்கள் முடிவு செய்துவிட்டார்கள். எல்லோரும் திரும்பி வரலாம். இருக்க விரும்புகிறவர்கள் தம் சொந்தப் பொறுப்பில் இருந்துகொள்ளலாம்.

"குழந்தைக்கு எங்க சீட்டு?" என்று செண்பகம் கேட்டாள். சிலர் சிரித்துவிட்டார்கள்.

ஒவ்வொருவரும் தனித்தனியே எழுதிக் கொடுத்தார்கள். ஒன்பது பேர் போவதாக எழுதியிருந்தார்கள். அதில் ஆக்னஸும் ஒருத்தி. கோமளவல்லி அந்தக் காகிதத்தை வெகு நேரம் கையில் வைத்திருந்தாள். மறுநாள் வாயுக்கூடத்துக்குப் போய், "இந்தத் தடவை நான் உங்களைப் பிடிக்க மாட்டேன்" என்று மட்டும் சொன்னாள்.

கப்பல் சொன்ன நாளில் இறங்கியது. கேப்டன் வைஜெயந்தியும் அவளோடு மூன்று பேரும் ஸ்ட்ரெச்சர்களைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்கள். எலும்பும் தோலுமாக மனிதர்களை எதிர்பார்த்து வந்தவர்கள், வாசலில் நின்று மஞ்சள் வெளிச்சத்தில் கண்ணைச் சிமிட்டினார்கள்.

"ஸ்ட்ரெச்சரை எங்க வைக்கட்டும்?" என்றாள் வைஜெயந்தி.

"எங்கயாவது ஓரமா வைங்க" என்றாள் கோமளவல்லி. "கை கழுவிட்டு வாங்க, களி ஆறுது."

களியும் கீரைக் கடைசலும். மற்ற மூவரும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். வைஜெயந்தி மட்டும் சாப்பிடாமல் தலைக்கு மேலே இருந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது மாதிரி உபரியா எத்தனை வெச்சிருக்கீங்க?"

"ஏம்மா?" என்றான் இத்ரீஸ்.

வைஜெயந்தி தட்டைத் தள்ளி வைத்தாள். "எங்க கப்பல்லயும் அதே தொகுப்புச் சில்லுதான் போட்டிருக்காங்க. புறப்பட்ட மூணாம் மாசம் அணைய ஆரம்பிச்சுது. இப்ப ஓட்டுற அறையில மட்டும்தான் வெளிச்சம். பட்டினி கிடக்கிறவங்களைக் கூட்டிட்டுப் போகப் போறோம், அவங்ககிட்ட இதை எப்படிச் சொல்றதுன்னு சொல்லாமலே வந்தோம். திரும்பிப் போக ஏழு மாசம். இருட்டுல."

இத்ரீஸ் பெருமையை மறைக்கத் தெரியாமல் எழுந்துவிட்டான். "நாப்பது போதுமா? எடையில்லாத இடத்துல உள்ள இருக்கிற வாயு சூடாகி மேல ஏறாது. மேல கீழன்னே ஒண்ணு கிடையாதே. அசையாம நிக்கும். இங்க எரியறதைவிட அங்க அதிக நாள் எரியும்."

"நிச்சயமாத் தெரியுமா?"

"தெரியாது. ஊர் போய்ச் சேர்ந்ததும் நீங்கதான் சொல்லணும்."

கப்பலில் விளக்கு மாட்டும் வேலை மூன்று நாள் நடந்தது. போகிறவள் என்பதால் ஆக்னஸ்தான் பொறுப்பேற்றாள். கடைசி விளக்கு அவளுடைய இருக்கைக்கு நேர் மேலே. அதை மாட்டிவிட்டு இருக்கையில் உட்கார்ந்து பார்த்தாள். வைஜெயந்தி ஒவ்வொரு விளக்காகத் துணியால் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"பூமியில உங்களுக்கு யார் இருக்காங்க?"

"அக்கா இருக்கா, தூத்துக்குடில."

"அங்க போய் என்ன பண்ணப் போறீங்க?"

ஆக்னஸ் விளக்கை நிமிர்ந்து பார்த்தாள். அக்கா வீட்டு மாடி அறை ஞாபகம் வந்தது. அதில் தான் உட்கார்ந்திருப்பது மட்டும் எப்படி யோசித்தும் தெரியவில்லை.

"போறேன்னு எழுதினப்ப, இங்க இருந்து தப்பிச்சுப் போகணும்னு இருந்தது. எங்க போறதுன்னு நினைக்கல" என்றாள். "இப்ப தப்பிக்கணும்னு தோணல."

இறங்கி வந்தபோது கோமளவல்லி பொருள்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாயுக்கூடத்துல சாயங்கால ஷிப்டுக்கு யாரைப் போட்டிருக்கீங்க?"

"யாரையும் போடல."

"ஏன்?"

"பேர் எழுதக் கை வரல."

"அப்ப நானே போய்ப் பார்த்துக்கிடுதேன்" என்று சொல்லி ஆக்னஸ் நடந்தாள்.

எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு கப்பல் போனது. ஏழு மாதம் கழித்து வைஜெயந்தியிடமிருந்து செய்தி வந்தது. நாற்பது விளக்கில் முப்பத்தெட்டு, பூமியைத் தொடும்வரை எரிந்ததாம். அந்த முப்பத்தெட்டையும் நிபுணர்கள் மேசையில் வரிசையாக எரியவிட்டு உட்கார்ந்தாளாம். புதுக்குடியை மூடும் முடிவை விலக்கிக்கொண்டார்கள். அடுத்த கப்பல் உண்டு. முதலில் என்ன அனுப்ப வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். புதுத் தொகுப்புச் சில்லுகள் தயாராக இருக்கின்றன என்றும் எழுதியிருந்தார்கள்.

கோமளவல்லி செய்தியை எடுத்துக்கொண்டு வாயுக்கூடத்துக்கு வந்தாள். "என்னன்னு பதில் போட?"

ஆக்னஸ் அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"டங்ஸ்டன் கம்பி. எவ்வளவு முடியுமோ அவ்வளவு." கொஞ்சம் யோசித்தாள். "அப்புறம் ஒரு அஞ்சு கிலோ கருவாடு."